சாரதியின் முன் எரியும் சிறு விளக்குகள்

பேசாலையில் மீன் வியாபாரம் செய்யும் என் மைத்துனர் ஒருவருடன், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு விடியற்காலையில் அநுராதபுரம் வரை செல்ல நேர்ந்தது. கரையிலேயே மீனுக்கு ஐஸ் இட்டுப் பெட்டிகளில் நிரப்பி, வண்டியின் பின்தட்டில் அடுக்கிக்கொண்டு புறப்பட்டோம். அவருடையது, நம் பகுதியில் சிறியோர் முதல் பெரியோர் வரை "கப்" என்றழைக்கும் டீசல் வண்டி. முன்னே ஆட்கள் அமரலாம். பின்னே ஏறக்குறைய ஒரு தொன் பாரம் ஏற்றலாம். மன்னார்ப் பாலத்தைக் கடக்கும்பொழுது கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. அந்த இருளில், சாரதியின் முன்னுள்ள மீற்றர்ப் பலகையில் மஞ்சள் நிறச் சிறு விளக்கொன்று எரிவது என் கண்ணிற் பட்டது. இஃது என்னவென்று வினவினேன்.

"அது சும்மா எரியுது, மச்சான். ரெண்டு நாளா இப்பிடித்தான். வண்டி நல்லா ஓடுதுதானே!" என்றார்.

முருங்கனைக் கடந்து மடுச் சந்தியை அணுகுகையில் வண்டி இருமத் தொடங்கியது. பின்னர் இழுவை குன்றிற்று. சற்று நேரத்தில் யந்திரம் அடியோடு நின்றுவிட்டது. இருமருங்கும் காடு. வெயில் ஏற ஏற ஐஸ் கரைந்து, பின்தட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நீரைப் பார்த்துக்கொண்டு வீதியோரத்தில் நின்ற மூன்று மணி நேரத்தில்தான், இவ்விளக்குகளைப் பற்றி முறையாக அறிந்துகொள்ள வேண்டுமென்ற எண்ணம் எனக்குத் தோன்றியது.

வண்டி எந்நாட்டிற் செய்யப்பட்டதாயினும், ஜப்பானாயினும் தாய்லாந்தாயினும் இந்தியாவாயினும், இவ்விளக்குகளின் உருவங்கள் ஏறக்குறைய ஒன்றே. சர்வதேச நியமங்களுக்கான நிறுவனம் 2575 என்னும் இலக்கமிட்ட நியமத்தில் இவற்றை வகுத்திருக்கிறது. எழுத்தறியாதவனும் புரிந்துகொள்ளத்தக்க சித்திரங்கள் இவை. உருவத்தைக் காட்டிலும் முதலில் நோக்க வேண்டியது நிறமே. பச்சையும் நீலமும் ஏதோவொன்று இயங்குகிறது என்று அறிவிப்பவை. நீலம், முன்விளக்கின் ஒளி உயர்த்தப்பட்டிருப்பதைக் குறிப்பது. மஞ்சள், கவனிக்க வேண்டிய குறை ஒன்று உண்டு என்பதைக் குறிக்கும். சிவப்போ, ஓரமாக நிறுத்து என்னும் கட்டளை.

இவ்விளக்குகளின் பிறப்பைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. முன்னாளில் ஒயிலின் அமுக்கத்தையும் பற்றரியின் மின்னேற்றத்தையும் முள் நகரும் மானிகளே காட்டின. அமெரிக்காவின் ஹட்சன் மோட்டார் கொம்பனி 1930-களில் மானிகளை நீக்கி, அவற்றின் இடத்தில் சிறு விளக்குகளைப் பொருத்திற்று. பழகிய சாரதிகள் நகைத்தனர்; "மூடர் விளக்கு" என்ற பெயரையும் ஆங்கிலத்தில் இவற்றுக்குச் சூட்டிவிட்டனர். முள்ளானது படிப்படியாகத் தாழ்ந்து முன்கூட்டியே எச்சரிக்கும். விளக்கோ காரியம் கெட்ட பின்னரே கண் திறக்கும் என்பது அவர்கள் குறை. அதில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் விளக்கு எரிந்த பின்னும் பாராதிருப்பவனை என்ன பெயரிட்டு அழைப்பது?

திறப்பைச் செருகி, யந்திரத்தை இயக்குமுன் ஒரு நிலை திருப்பினால், எச்சரிக்கை விளக்குகளிற் பெரும்பாலானவை ஒருங்கே எரியும். இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துக்கொள்கிறது. யந்திரம் இயங்கிய சில விநாடிகளுள் அவை அணைந்துவிட வேண்டும். அணையாது நிற்பது செய்தி. அதனினும் நுட்பமான செய்தி, எரிய வேண்டிய நேரத்தில் எரியாதிருக்கும் விளக்கு. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

சிவப்பு விளக்குகளுள் முதன்மையானது ஒயில் விளக்கு. அலாவுதீன் கதையில் வரும் விளக்கைப் போன்ற உருவம். மூக்கிலிருந்து ஒரு துளி சொட்டும். ஒயில் குறைந்துவிட்டது என்று மட்டுமே இதற்குப் பொருள் கொள்வோர் பலர். உண்மையில் இது காட்டுவது ஒயிலின் அளவையன்று, அமுக்கத்தை. ஒயில் நிறைய இருந்தும், அதைச் செலுத்தும் பம்பி பழுதுபட்டால் இவ்விளக்கு எரியும். இக்காலத்து டீசல் யந்திரத்திற் காற்றை நெருக்கி அனுப்பும் டேபோ என்னும் சுழலி, நிமிடத்துக்கு 1,00,000 முறைக்கு மேலும் சுழல வல்லது. அதன் அச்சைத் தாங்குவது மெல்லிய ஒயிற் படலமே. அப்படலம் அறுந்தால், அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்ப்போம் என்பதற்கு இடமில்லை. இலுப்பைக்கடவைக்கும் முழங்காவிலுக்கும் இடையே, கராஜ் எதுவும் கண்ணுக்கெட்டாத இடமாயினும், நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் இழப்பது ஒரு பகற்பொழுது; ஓட்டினால் இழப்பது யந்திரம்.

வெப்பமானி உருவமுள்ள சிவப்பு விளக்கு, யந்திரம் கொதிப்பதைக் கூறுவது. இதில் நம்மவர் செய்யும் பிழைகள் இரண்டு. கொதிக்கும் றேடியேற்றரின் மூடியை உடனே திறத்தல் ஒன்று. உள்ளிருக்கும் நீர் அமுக்கத்தின்கீழ் 100 பாகை செல்சியசுக்கு மேலும் நீராகவே இருப்பது. மூடி தளர்ந்த கணத்தில் ஆவியாய்ச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும். மற்றொன்று, அருகிலுள்ள கிணற்று நீரை அள்ளி வார்த்தல். நம் தீவிலும் கரையோரத்திலும் உவர்க்கிணறுகளுக்குக் குறைவில்லை. உவர்நீர் அலுமினிய றேடியேற்றரை உள்ளிருந்தே அரித்துவிடும். குடிக்கத் தகாத நீர் வண்டிக்கும் தகாது.

பற்றரி விளக்கு எரிந்தால் "பற்றரி பழசு" என்று முடிவுகட்டுவோர் உளர். அது பெரும்பாலும் பற்றரியின் குறையன்று. அதற்கு மின்னேற்றும் ஒல்ற்றனேற்றர் நின்றுவிட்டது என்பதே பொருள். பழைய ஜப்பானிய டீசல் வண்டிகள் பலவற்றில், பிறேக்குக்குத் துணை செய்யும் வெற்றிடப் பம்பி இந்த ஒல்ற்றனேற்றரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். நீரைச் சுற்றோட்டஞ் செய்யும் பம்பியையும் அதே பட்டி சுழற்றுவதுண்டு. ஆகவே ஒரு பட்டி அறுந்தால் முதலிற் பற்றரி விளக்கு எரியும். பின் பிறேக் மிதி கல்லாய் இறுகும். அதன்பின் யந்திரம் கொதிக்கும். மூன்று தீமைகளுக்கும் முன்னறிவிப்பாக வந்தது அந்தச் சிறு பற்றரி விளக்கு ஒன்றே.

இனி, என் மைத்துனரின் மஞ்சள் விளக்குக்கு வருவோம். புனல் போன்ற ஓர் உருவம்; அதன் கீழே நீர்த்துளிகள். டீசலில் நீர் கலந்திருக்கிறது என்பது அதன் பொருள். குளிர்நாட்டாரின் நூல்களில் இவ்விளக்குக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். நம் கரையிலோ, மஞ்சள் விளக்குகளுள் இதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

டீசலுக்குள் நீர் எவ்வாறு புகுகிறது? தாங்கி அரைகுறையாக இருக்கும்பொழுது, அதன் மேற்பகுதியிற் காற்று நிற்கும். கடற்காற்றில் ஈரம் மிகுதி. இரவிற் குளிர்ந்தவுடன் அவ்வீரம் தாங்கியின் சுவரில் வியர்த்து, துளியாகித் திரண்டு, டீசலைக் காட்டிலும் நீர் கனமானதாகையால் அடியிற் சென்று தங்கும். பீப்பாய்களிலும் கலன்களிலும் டீசலைச் சேமித்து வைப்பதும் மற்றொரு வழி. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் கிடைத்ததைக் கிடைத்த கலனில் நிரப்பி வைத்தோம். படகுக்கும் வண்டிக்கும் ஒரே கலனைப் பயன்படுத்தும் வழக்கமும் நம்மிடம் உண்டு. மூடி சரியாகப் பொருந்தாத கலன் மாரி மழையில் ஓரிரவு வெளியே கிடந்தாற் போதும்.

சிறிது நீர் இவ்வளவு பெரிய யந்திரத்தை என்ன செய்துவிடும் என மாணவர்கள் கேட்கலாம். எண்ணெயில் நீர் கலந்துவிட்டாற் குத்துவிளக்கின் திரி படபடவென்று வெடிப்பதைக் கண்டிருப்பீர்கள். டீசல் யந்திரத்தில் நிகழ்வது அதனினும் கடுமையானது. ஜெர்மனியரான ருடோல்ப் டீசல் 1897இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இந்த யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பெரிதும் நெருக்கிச் சூடேற்றி, அச்சூட்டில் டீசலைப் பனிபோலத் தூவினால், அது தானே பற்றிக்கொள்ளும். தூவும் கருவிக்கு இன்ஜெக்டர் என்று பெயர். இக்கால வண்டிகளில் அது வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்கு அமுக்கத்திற் டீசலைப் பீச்சுகிறது. அதன் உள்ளுறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு சில பங்கு. தலைமயிரின் பருமன்கூட அதனினும் பன்மடங்கு பெரிது. அவ்வுறுப்புகள் தேயாது வழுக்கிச் செல்வதற்கு டீசலின் எண்ணெய்த் தன்மையே துணை. நீருக்கு அத்தன்மை இல்லை. அது துருவை உண்டாக்கும். சூடான முனையில் ஆவியாய் வெடித்து, அம்முனையைச் சிதைக்கவுஞ் செய்யும்.

இதைத் தடுப்பதற்கே, தாங்கிக்கும் யந்திரத்துக்கும் நடுவே ஒரு வடிகட்டிக் கிண்ணம் வைக்கப்பட்டிருக்கிறது. நீர் அதன் அடியில் தங்கி, குறித்த அளவை எட்டியதும் உள்ளேயுள்ள மிதவை உயர்ந்து விளக்கை எரிய வைக்கும். அஃதாவது, விளக்கு எரியும் வேளையில் நீர் இன்னும் கிண்ணத்துக்குள்தான் நிற்கிறது. யந்திரத்தை எட்டவில்லை. இதுவே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அப்பொழுதே கவனித்தால் செலவு எதுவுமில்லை. இரண்டு நாள் கவனியாது விட்டமையால், என் மைத்துனர் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் அன்றைய மீனுக்கும் சேர்த்து ஒரு மாத ஊதியத்தை இழந்தார்.

நீரை வெளியேற்றுவது எவரும் செய்யத்தக்க காரியமே. யந்திரத்தை நிறுத்தி, ஆற விட்டு, வடிகட்டியின் அடியிலுள்ள திருகின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்து, திருகைச் சிறிது தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பியை அமுக்க வேண்டும். முதலில் நீரும் அழுக்கும் வரும். தெளிந்த டீசல் வரத் தொடங்கியதும் திருகை இறுக்கிவிடலாம். சில வண்டிகளில் இவ்வமைப்பு சற்று வேறுபடும். கைந்நூலைப் பார்த்துச் செய்க. வடித்ததை மணலில் ஊற்றிவிடாதீர்கள். மன்னார்த் தீவில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மணலுக்குள் நிற்கும் நன்னீரே நம் கிணறுகளுக்கு ஆதாரம். அதிற் டீசல் சேர்ந்தால் எளிதில் நீங்காது.

ஏனைய மஞ்சள் விளக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுருள்கம்பி உருவம், யந்திரத்தைச் சூடேற்றும் விளக்கு. நமது வெப்பத்தில் அது கண்ணிமைக்கும் நேரத்தில் அணைந்துவிடும். ஜப்பானிய டீசல் வண்டிகள் சிலவற்றிற் காணும் பட்டி விளக்கு ஒரு குறையைக் காட்டுவதன்று, ஒரு நாட்காட்டி. 1,00,000 அல்லது 1,50,000 கிலோமீற்றர் ஓடிய பின், யந்திரத்தின் உள்ளேயுள்ள பட்டியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்கிறது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் உண்டு. குறுந்தூரமே ஓடும் வண்டியில் அது அடைபட்டு விளக்கேற்றும். மதவாச்சி வரையிலான நெடுஞ்சாலையில் வேகங்குறையாது சிறிது நேரம் ஓடினால், கரி தானே எரிந்து தீர்வதுண்டு. அவ்வாறு எரியும் வேளையிற் புகைக்குழாயின் வெப்பம் மிகுதி. காய்ந்த புல்லின்மேலோ பனையோலைச் சருகின்மேலோ வண்டியை நிறுத்தலாகாது.

யந்திர உருவமுள்ள மஞ்சள் விளக்கே வீடுகளிற் பெரும் விவாதத்துக்குரியது. இது ஒரு குறையையன்று, பல்வேறு குறைகளுள் ஏதோவொன்றைக் குறிப்பது. எந்தக் குறை என்பதை வண்டியின் கணனி ஓர் இலக்கமாக நினைவில் வைத்திருக்கும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களுக்கு அவ்விலக்கத்தைப் படிக்கும் பொதுவான செருகி கட்டாயமாயிற்று; பிற நாடுகளும் பின்பற்றின. கைத்தொலைபேசியுடன் இணைக்கும் சிறு கருவியாலேயே இப்பொழுது அதைப் படிக்கலாம். ஆனால் நம்மவர் சிலர் பற்றரிக் கம்பியைக் கழற்றி மாட்டி, "அணைந்துவிட்டது" என்று மகிழ்கின்றனர். விளக்கோடு அந்த இலக்கமும் அழிந்துபோகிறது. குறை மட்டும் அப்படியே இருக்கிறது.

விளக்கு பொய் சொல்வதில்லையா? சொல்வதுண்டு. உப்புக்காற்று மின்கம்பிகளின் பொருத்துகளிற் புகுந்து, செம்புப் பாத்திரத்திற் போலப் பச்சைக் களிம்பை உண்டாக்கும். அதனாற் குறையில்லாத இடத்திலும் விளக்கு எரியக்கூடும். கடலோரத்தில் நிற்கும் வண்டியின் பொருத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் கழற்றித் துடைப்பது நன்று. ஆயினும் களிம்பு என்று கண்ணாற் கண்ட பின்னரே அதைப் பொய்யென்று கொள்ளலாம். அதற்கு முன் அன்று.

பழைய வண்டி வாங்க எண்ணுவோருக்கு, முன்னர் நிறுத்திய செய்தி. திறப்பைத் திருப்பி, யந்திரத்தை இயக்காது, விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். ஒயில் விளக்கோ யந்திர விளக்கோ அப்பொழுது எரியவில்லையாயின், விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சற்றுப் பொறுங்கள். குமிழைக் கழற்றியோ கறுப்புப் பட்டி ஒட்டியோ அவ்விளக்கின் வாயை யாரோ அடைத்திருக்கக் கூடும்.

என் மைத்துனரின் வீட்டில், மீற்றர்ப் பலகையைப் பார்க்கும் பொறுப்பு இப்பொழுது ஏழாம் வகுப்பிற் படிக்கும் அவருடைய மகளிடம் இருக்கிறது. திறப்பு திரும்பியதும் அவள் விளக்குகளை எண்ணிச் சொல்லுவாள். அவள் சொல்லி முடியுமுன் வண்டி அசையாது. சென்ற மாரியில் மீண்டும் அந்தத் துளி விளக்கு எரிந்ததாம். அன்றே வடித்தெடுத்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு எனக்குக் காட்டினார்கள். மேலே பொன்னிற டீசல். அடியில் இரண்டு விரற்கடை நீர்.