ஆடுபுலி ஆட்டத்தில் வெல்வது எப்படி?

கோடை விடுமுறை வந்துவிட்டால் முனிர்காவில் வாழும் நம் குடும்பங்களுக்கு ஒரு கவலையும் உடன் வருகிறது. வைகாசி, ஆனி மாதங்களில் தில்லியின் வெயில் பிள்ளைகளை வெளியே விடாது. ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தாவும், இந்தியிலும் ஆங்கிலத்திலும் சிந்திக்கப் பழகிவிட்ட பேரனும் ஒரே அறையில் அமர்ந்தும் பேசுவதற்குப் பொருளின்றி இருக்கின்றனர். இவ்விருவரையும் ஒரு களத்தின் இருபுறமும் அமர்த்தவல்லது நம் ஆடுபுலி ஆட்டம்.

தமிழகத்தின் பழங்கோயில்கள் பலவற்றில் மண்டபத் தரைக் கற்களில் இதன் களம் செதுக்கப்பட்டிருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். நமக்குக் கல் வேண்டா. தரையும் சுண்ணக்கட்டியும் போதும். மேலே ஒரு முனை. அதிலிருந்து 4 கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டில் முடியும். இடையே 3 குறுக்குக் கோடுகள் அந்நான்கையும் வெட்டி இருபுறமும் சற்று நீளும். நீண்ட நுனிகளைப் பக்கத்திற்கு ஒரு நெடுங்கோட்டால் இணைத்துவிட்டால் களம் ஆயத்தம். கோடுகள் கூடும் இடங்கள் 23. புளியங்கொட்டை கிடைக்காவிடில் கொண்டைக்கடலை 15 ஆடுகளாகட்டும். ராஜ்மா 3 புலிகளாகட்டும்.

உச்சி முனையிலும், முதற் குறுக்குக் கோட்டின் நடு இரண்டு இடங்களிலும் புலிகள் அமர்வது பரவலான வழக்கம். ஒருவர் ஓர் ஆட்டை வைப்பார். மற்றவர் ஒரு புலியை ஓரிடம் நகர்த்துவார். 15 ஆடுகளும் களத்தில் இறங்கும்வரை எந்த ஆடும் நகரலாகாது. பக்கத்து ஆட்டுக்கு நேர் பின்னே அதே கோட்டில் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். புலிகள் மூன்றும் நகர இடமின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி. எத்தனை ஆடுகள் வெட்டுண்டால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். தொடங்குமுன் பேசி முடிவு செய்க.

இவ்வாட்டத்தின் வெற்றி தோல்வி பெரும்பாலும் ஆடு வைக்கும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. வைத்த ஆட்டைத் திரும்ப எடுக்க இயலாது. அது தானாக ஓடித் தப்பவும் இயலாது. ஆகவே எங்கே வைப்பது என்பதே அறிவு.

களத்தைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 23 இடங்களும் ஒரு தன்மையன அல்ல. முதற் குறுக்குக் கோட்டின் இரு நுனிகள், மூன்றாம் குறுக்குக் கோட்டின் இரு நுனிகள், அடிக்கோட்டின் இரு நுனிகள் ஆகிய 6 மூலைகளிலும் உள்ள ஆட்டை எந்தப் புலியும் வெட்ட முடியாது. தாண்டி விழ நேர்க்கோட்டில் இடமே இல்லை. முதல் ஆடுகளை இம்மூலைகளில் வைப்பவர் எதையும் இழக்கமாட்டார்.

அடுத்த விதி: ஓர் ஆட்டின் வழியே செல்லும் ஒவ்வொரு கோட்டிலும், ஒரு பக்கத்திலேனும் தன் ஆடு துணை நின்றால் அந்த ஆடு காக்கப்பட்டது. இரு பக்கமும் வேண்டுவதில்லை. மூலைகளைப் பிடித்தபின் பக்கக் கோடுகளின் நடு இடங்கள் 2, அடிக்கோட்டின் நடு இடங்கள் 2 எனச் சேர்த்தால் 10 ஆடுகள் அசையாத வேலியாகிவிடும். பின்னர் மூன்றாம் குறுக்குக் கோட்டை ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரப்புக. புலி இடையே வந்து அமர்ந்தால் அவ்விடத்தை விட்டு, துணையுள்ள வேறிடம் தேடுக. ஓர் ஆட்டையும் இழக்காமல் 15 வைத்து முடித்தால் களத்தில் எஞ்சும் காலியிடங்கள் 5 மட்டுமே. இழக்கும் ஒவ்வோர் ஆடும் புலிக்கு ஓர் இடத்தைத் திறந்துவிடும்.

நகரும் கட்டத்தில் அவசரம் ஆகாது. எந்த ஆடு விலகினால் மற்றோர் ஆடு துணையிழக்காதோ அதனையே நகர்த்துக.

புலி ஆடுவோருக்கும் சில சொற்கள். மூலையில் புகுந்த புலியை அடைக்க 4 ஆடுகள் போதும். இரண்டாம் குறுக்குக் கோட்டின் நடுவில் நிற்கும் புலியை அடைக்க 8 இடங்கள் நிரம்ப வேண்டும். ஆதலால் நடுவை விடாதீர்கள். புலி புலியைத் தாண்டாது. ஒன்றை ஒன்று அடைக்கும்படி நிறுத்தாதீர்கள். ஒரே நகர்வில் இரண்டு ஆடுகளை அச்சுறுத்துங்கள். எதிரி ஒன்றைத்தான் காக்க முடியும். வேட்டையை ஆடு வைக்கும் கட்டத்திலேயே நடத்துங்கள். பின்னர் வாய்ப்புக் குறையும்.

அண்டை வீட்டார் நேபாளத்தவராயின் அவர்களுடைய 'பாக் சால்' ஆட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 25 இடங்கள், 4 புலிகள், 20 ஆடுகள். இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் அது சமநிலையில் முடியும் என்று கணிப்பொறி கொண்டு ஆராய்ந்தோர் கண்டறிந்துள்ளனர். ஜெர்மனியில் 2007-இல் வெளிவந்த 'அக்ரிகோலா' என்னும் பலகை ஆட்டத்திலும், ஒருவர் தம் வேலையாளை அமர்த்திய இடம் அந்தச் சுற்றில் பிறருக்குக் கிட்டாது. எங்கே ஆளை நிறுத்துவது என்ற கேள்வி அங்கும் இதுவே.

தனித்து முன்னே பாயும் ஆடு வெட்டுண்ணும்; ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் ஆடுகள் புலியையும் கட்டிவிடும். முன்னே வந்தவர் அறை பார்த்துக் கொடுக்க, பின்னே வந்தவர் அவரைச் சார்ந்து காலூன்றிய நமக்கு இப்பாடம் புதிதன்று. இவ்விடுமுறையில் தாத்தாமார் புலியைப் பிடிக்கட்டும், பேரப்பிள்ளைகள் ஆடுகளை வைக்கட்டும். 'வெட்டு', 'கட்டு', 'துணை' என்னும் சொற்கள் அப்பிள்ளைகளின் நாவில் தாமாகவே வந்து அமரும்.