ஜான் கிரிஷாமின் சட்டப் புதினங்களும் வாசகர் கருத்துப் பிளவும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் புதின ஆசிரியர் ஜான் கிரிஷாமின் சட்டப் பரபரப்புப் புதினங்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையாகியுள்ளன. ஆயினும் அவற்றைப் படித்தவர்களிடையே அவரைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. கதையின் விரைவைப் போற்றுவோர், முடிவைக் கண்டு சினப்போர், சட்ட நடைமுறையில் பிழை காண்போர், பரப்புரை என்று சலிப்போர் எனப் பல திறத்தார் உள்ளனர். துரத்தலை மையமாகக் கொண்ட கதையையும் வழக்கை மையமாகக் கொண்ட கதையையும் ஒரே ஆசிரியர் ஒரே வகையான அட்டைக்குள் தருவதே இப்பிளவின் முதன்மைக் காரணம் என்பதை அவருடைய சில புதினங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஜான் கிரிஷாம், சட்டப் புதினம், வாசகர் ஏற்பு, நடுவர் குழு, வெகுமக்கள் இலக்கியம்.

முன்னுரை

வெகுமக்கள் புதினங்களை மதிப்பிடும்போது திறனாய்வாளர் ஒரு பக்கமும் வாசகர் மறுபக்கமும் நிற்பதாகக் கொள்வது வழக்கம். கிரிஷாமைப் பொறுத்தவரை இந்த எளிய பகுப்பு உதவுவதில்லை. அவரை விரும்பிப் படிப்பவர்களே தங்களுக்குள் வேறுபடுகின்றனர். ஒருவர் தலைசிறந்தது என்று சொல்லும் நூலை மற்றொருவர் பாதியில் மூடிவைக்கிறார். தொடக்க காலப் புதினங்களோடு அவருடைய ஆற்றல் தீர்ந்துவிட்டது என்போரும் உண்டு. பிற்காலப் புதினங்களில்தான் அவர் எழுத்தாளராக வளர்ந்தார் என்போரும் உண்டு. இரு சாராரும் பெரும்பாலும் ஒரே நூல்களைச் சான்று காட்டுகின்றனர் என்பது கவனிக்கத்தக்கது.

தோற்றமும் புகழும்

1955-இல் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்த கிரிஷாம், கணக்கியலில் பட்டம் பெற்றபின் 1981-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். சவுத்ஹேவன் என்னும் சிற்றூரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வழக்குரைஞராகத் தொழில் செய்தார். 1983-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1990 வரை அப்பொறுப்பில் இருந்தார். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு சிறுமி நீதிமன்றத்தில் அளித்த சாட்சியத்தைக் கேட்டதே அவரது முதல் புதினமான ‘எ டைம் டு கில்’ உருவாகக் காரணமாயிற்று. பல பதிப்பகங்கள் மறுத்த அந்நூலை 1989-இல் ஒரு சிறு பதிப்பகம் 5,000 பிரதிகள் அச்சிட்டது. அவற்றுள் 1,000 பிரதிகளை ஆசிரியரே வாங்கித் தம் வண்டியில் ஏற்றிச் சென்று விற்றார்.

1991-இல் வெளிவந்த ‘தி ஃபர்ம்’ நிலைமையை மாற்றியது. அது அச்சேறும் முன்பே அதன் திரைப்பட உரிமையை பாரமவுண்ட் நிறுவனம் 6 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் அந்நூல் 47 வாரங்கள் இடம்பெற்றது. அதன்பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு புதினம் என்பது அவரது வழக்கமாயிற்று. இதுவரை 30 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருப்பதாகப் பதிப்பாளர் கணக்குக் கூறுகிறது. நீதிமன்றப் புதினத்துக்கு எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் பெரி மேசன் கதைகளும், 1987-இல் வந்த ஸ்காட் டுரோவின் ‘பிரிசூம்டு இன்னசென்ட்’ புதினமும் முன்னரே களம் அமைத்திருந்தன. கிரிஷாம் செய்தது அக்களத்தைப் பேரங்காடிக்குள் கொண்டுவந்தது.

துரத்தலும் வழக்கும்

‘தி ஃபர்ம்’ ஒரு வழக்குரைஞரைப் பற்றிய கதையே தவிர வழக்கைப் பற்றிய கதையன்று. மிச் மெக்டீர் என்னும் இளைஞன் மெம்பிஸ் நகரச் சட்ட நிறுவனம் ஒன்றில் பெருஞ்சம்பளத்தில் சேர்கிறான். அந்நிறுவனம் குற்றக் கும்பல் ஒன்றின் பணத்தை வெளுத்துத் தருகிறது என அறிகிறான். ஒருபுறம் கும்பலும் மறுபுறம் புலனாய்வுத் துறையும் நெருக்க, தப்பி ஓடுகிறான். நீதிமன்ற விசாரணைக் காட்சிக்கு இதில் வேலையே இல்லை. அடுத்த ஆண்டு வந்த ‘தி பெலிகன் பிரீஃப்’ புதினமும் இவ்வகையினதே. கிரிஷாமை முதலில் இவ்விரு நூல்களின் வழி அறிந்த வாசகர், அவரிடம் ஓட்டத்தையே எதிர்பார்க்கின்றனர்.

ஆனால் 1994-இல் வந்த ‘தி சேம்பர்’ ஓடவில்லை, நடக்கிறது. வெள்ளை இனவெறிக் கழகத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் குண்டுவெடிப்புக் கொலைக்காகத் தூக்குக்கு நிகரான நச்சுவாயுக் கூடத் தண்டனையை எதிர்நோக்கியிருக்கிறார். அவரைக் காப்பாற்ற முன்வரும் இளம் வழக்குரைஞன் அவருடைய பேரன். மனுக்கள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாகின்றன. கடைசியில் தண்டனை நிறைவேற்றப்படுகிறது. கடைசி நேரத் திருப்பத்துக்காகக் காத்திருந்த வாசகருக்கு எந்தத் திருப்பமும் கிட்டவில்லை. மரண தண்டனை நடைமுறையின் மெதுவான, இயந்திரத்தன்மை கொண்ட ஓட்டத்தை இவ்வளவு பொறுமையாக வேறெந்த வெகுமக்கள் புதினமும் காட்டவில்லை என்று பாராட்டுவோர் இதே நூலைத்தான் கையில் வைத்திருக்கின்றனர். சலிப்பூட்டுகிறது என்று ஒருவர் சொல்வதும் உண்மையாக இருக்கிறது என்று மற்றவர் சொல்வதும் ஒரே பண்பைத்தான்.

முடிவுகள் பற்றிய முறையீட்டையும் இவ்வாறே பார்க்க வேண்டியுள்ளது. 1995-இல் வந்த ‘தி ரெயின்மேக்கர்’ புதினத்தில், இரத்தப் புற்றுநோய் கொண்ட இளைஞனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கான பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் மறுக்கிறது. அவன் இறந்துவிடுகிறான். தேர்வெழுதி அப்போதுதான் வெளிவந்த வழக்குரைஞன் ஒருவன் அந்நிறுவனத்தை நீதிமன்றத்தில் வீழ்த்துகிறான். நடுவர் குழு 5 கோடி டாலர் தண்டத் தொகை விதிக்கிறது. நிறுவனம் திவாலாகிறது. இறந்தவன் குடும்பத்துக்கும் வழக்குரைஞனுக்கும் ஒரு காசும் வரவில்லை. இங்குத் தமிழ் வாசகர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இழப்பீட்டு வழக்குகளை நடத்தும் வழக்குரைஞர் பெரும்பாலும் முன்பணம் பெறுவதில்லை. வென்றால் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, அவருக்குரியது. இந்தியாவில் வழக்குரைஞர் தொழில்விதிகள் இதைத் தடை செய்கின்றன. எனவே அங்கு ஒரு தீர்ப்பு காகிதத்தில் நின்றுவிட்டால் வழக்குத் தொடுத்தவரோடு அவருடைய வழக்குரைஞரும் சேர்ந்தே மூழ்குகிறார். இந்தப் பொருளியலை அறிந்தவருக்கு அம்முடிவு கசப்பான மெய்ம்மை. அறியாதவருக்கு ஆசிரியர் செய்த ஏமாற்று.

2014-இல் வந்த ‘கிரே மவுண்டன்’ மீதான குறை இதிலிருந்து சற்று வேறுபட்டது. நிலக்கரிச் சுரங்க நிறுவனங்களை எதிர்க்கும் துணிச்சல்மிக்க வழக்குரைஞர் அதில் இடையிலேயே இறந்துபோகிறார். அவர் தொடங்கிய பெருவழக்கு வாசகர் கண்முன் முடிவதில்லை. இதில் குறை சொல்வோர் பக்கமே நியாயம் மிகுதி எனலாம். முடிவைக் கசப்பாக்குவது ஒன்று. கதையின் மைய வழக்கைக் கைவிடுவது வேறொன்று.

நேர்மையற்ற வழியில் நேர்மையான முடிவு

வாசகரைப் பிரிக்கும் மற்றொரு கூறு அறம் சார்ந்தது. ‘எ டைம் டு கில்’ புதினத்தில் பத்து வயதுக் கறுப்பினச் சிறுமியை இரு வெள்ளையர் சீரழிக்கின்றனர். அவளுடைய தந்தை அவ்விருவரையும் நீதிமன்றக் கட்டடத்திலேயே சுட்டுக் கொல்கிறார். வெள்ளையர் மட்டுமே கொண்ட நடுவர் குழு அவரை விடுதலை செய்கிறது. இன அடிப்படையில் நடுவர்களை அரசுத் தரப்பு விலக்குவது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேட்சன் வழக்கில் தீர்ப்பளித்தது 1986-இல். கதை நிகழ்வது அதற்கு முன்பு.

புதினத்துக்கும் 1996-இல் வந்த திரைப்படத்துக்கும் இடையே உள்ள ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. அச்சிறுமி வெள்ளைக் குழந்தையாக இருந்தால் என்று எண்ணிப் பாருங்கள் எனத் திரைப்படத்தில் கேட்பவர் வழக்குரைஞர். நூலில் அக்கேள்வி, மூடிய அறைக்குள் சக நடுவர்களிடம் ஒரு பெண் நடுவர் எழுப்புவது. கறுப்பினத்தவரின் துயரைத் தீர்க்க ஒரு வெள்ளை நாயகன் வருகிறான் என்று இக்கதையைக் கண்டிப்போரின் வாதம் திரைப்படத்துக்கு முழுமையாகவும் நூலுக்கு ஓரளவும் பொருந்தும். பழிவாங்கும் கொலையைச் சட்டம் மன்னிக்கலாமா என்னும் வினாவோ இரண்டுக்கும் பொது.

‘தி ஃபர்ம்’ முடிவும் இத்தகையதே. நூலில் மிச், நிறுவனத்தின் ஆவணங்களைப் படியெடுத்துப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்துவிட்டு, நிறுவனத்தின் பணத்தில் ஒரு பெருந்தொகையோடு கரீபியன் தீவுகளுக்குத் தப்புகிறான். வாடிக்கையாளரின் மறைபொருளைக் காக்க வேண்டிய வழக்குரைஞன் இவ்வாறு செய்யலாமா என்று சட்டத் துறையினர் கேட்டனர். 1993-இல் வந்த திரைப்படம் இந்த இடத்தைத் திருத்தி, அந்தக் கடமையை மீறாமலேயே நாயகன் விடுபடும்படி அமைத்தது. 1996-இல் வெளிவந்த ‘தி ரன்அவே ஜூரி’ ஒருபடி மேலே செல்கிறது. புகையிலை நிறுவனத்துக்கு எதிராக 40 கோடி டாலர் தண்டம் விதிக்கப்படுகிறது. ஆனால் அத்தீர்ப்பு, திட்டமிட்டு நடுவர் குழுவுக்குள் நுழைந்த ஒருவன் உள்ளிருந்து இயக்கிப் பெற்றது. நிறுவனம் நடுவர்களை விலைபேசுவது குற்றமென்றால், எதிர்த்தரப்பு அவர்களை ஏமாற்றுவது மட்டும் எப்படி நீதியாகும்? நூல் இவ்வினாவை எழுப்பிவிட்டு விரைந்து கடந்துவிடுகிறது. வாசகரில் பலரும் அதனோடு கடந்துவிடுகின்றனர். கடக்க மறுப்பவர் நூலை மதிக்க மறுக்கின்றனர்.

பரப்புரை என்னும் குற்றச்சாட்டு

வீடற்றோர், மரண தண்டனை, நிலக்கரி, காப்பீடு என ஒவ்வொரு நூலிலும் ஒரு சமூகச் சிக்கலை எடுத்துக்கொள்வதால் கிரிஷாம் கதை சொல்வதை விட்டுப் பாடம் நடத்துகிறார் என்பர் சிலர். இது முழுதும் சரியன்று. 2003-இல் வந்த ‘தி கிங் ஆஃப் டார்ட்ஸ்’ புதினத்தில் அவர் சாடுவது மருந்து நிறுவனங்களை மட்டுமன்று. பாதிக்கப்பட்டோரைக் கூட்டமாகச் சேர்த்து வழக்காடி அவர்கள் பெயரால் தனி விமானம் வாங்கும் வழக்குரைஞர்களையும் அவர் சாடுகிறார். இழப்பீட்டு வழக்குகளுக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று வாதிடும் தரப்பே மேற்கோள் காட்டத்தக்க நூல் அது.

கடும் பிளவை உண்டாக்கிய நூல் 2008-இல் வந்த ‘தி அப்பீல்’. இதன் அமைப்பே தலைகீழானது. வழக்கமாகக் கடைசியில் வரும் தீர்ப்பு முதல் அத்தியாயத்தில் வந்துவிடுகிறது. நச்சுக் கழிவைக் குடிநீரில் கலந்த வேதிப்பொருள் நிறுவனத்துக்கு நடுவர் குழு 4 கோடியே 10 லட்சம் டாலர் விதிக்கிறது. நிறுவன உரிமையாளர் மேல்முறையீடு செய்கிறார். அதைவிட முக்கியமாக, மேல்முறையீட்டைக் கேட்கப்போகும் நீதிமன்றத்தையே மாற்ற முனைகிறார். மிசிசிப்பியில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இந்திய வாசகருக்கு இது வியப்பளிக்கலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதுவே நடைமுறை. தேர்தல் என்றால் செலவு உண்டு. செலவு என்றால் கொடுப்பவர் உண்டு. பெயர் அறியப்படாத, உள்ளபடியே நல்லவரான ஒரு வழக்குரைஞர் வேட்பாளராக நிறுத்தப்படுகிறார். தம்மை நிறுத்தியவர் யார் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் வெல்கிறார். இறுதியில் அவருடைய மகனே பழுதுற்ற பொருளொன்றாலும் மருத்துவப் பிழையாலும் கடுமையாகப் பாதிக்கப்படுகிறான். இனி அவர் மனம் மாறுவார் என்று வாசகர் நம்பும் இடம் அது. அவர் தடுமாறுகிறார்; பின்னர் நிறுவனத்தின் பக்கமே வாக்களிக்கிறார்.

இம்முடிவைக் கண்டு சினந்த வாசகர் பலர். நம்பவைத்துக் கைவிட்டார் என்பது அவர்தம் முறையீடு. ஆனால் நூலுக்கு வெளியே நிகழ்ந்தது இதற்கு மிக அண்மையது. மேற்கு வர்ஜீனியாவில் 5 கோடி டாலர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவிருந்த ஒரு நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், 2004 நீதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டார். வென்ற நீதிபதி அவ்வழக்கிலிருந்து விலகவில்லை. தீர்ப்பு நிறுவனத்துக்குச் சார்பாக அமைந்தது. 2009-இல் கேபர்ட்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்நீதிபதி விலகியிருக்க வேண்டும் என்று ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் கூறியது. நான்கு நீதிபதிகள் உடன்படவில்லை என்பதையும் நோக்க வேண்டும். வாசகர் பிளந்து நின்ற அதே வினாவில் நீதிபதிகளும் பிளந்து நின்றனர்.

மெய்வழக்கு

பாத்திரங்கள் தட்டையானவை என்னும் குறையை அவருடைய அன்பர்களும் மறுப்பதில்லை. இளம் வழக்குரைஞன், பேராசை கொண்ட முதலாளி, குடித்துக் கெட்ட மூத்தவர் என வார்ப்புகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. நடையில் அணி குறைவு. உரையாடல் வேகத்தில் வருணனை நிற்பதில்லை. இவற்றால் படிப்பது எளிதாகிறது, மறப்பதும் எளிதாகிறது.

இக்குறைகள் எல்லாம் வேறு பொருள் பெறும் நூல் ஒன்று உண்டு. 2006-இல் வந்த ‘தி இன்னசென்ட் மேன்’ புதினம் அன்று, நடந்த வழக்கு. ஓக்லஹோமா மாநிலத்தின் ஏடா நகரில் நிகழ்ந்த ஒரு கொலைக்காக, முன்னாள் பேஸ்பால் வீரரான ரான் வில்லியம்சனுக்கு 1988-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1994-இல் தண்டனை நாளுக்கு ஐந்து நாள்களே இருந்தபோது அது நிறுத்தி வைக்கப்பட்டது. 1999-இல் மரபணுச் சோதனை அவர் குற்றமற்றவர் எனக் காட்டியது. 2004-இல் அவர் இறந்தார். செய்தித்தாளில் வந்த இறப்புக் குறிப்பைக் கண்டே கிரிஷாம் அவர் கதையைத் தேடிச் சென்றார்.

புதினத்தை எதிர்பார்த்து இந்நூலை எடுத்தவர்கள், இதில் திருப்பம் இல்லை, நாயகன் விரும்பத்தக்கவனாக இல்லை என்று குறைப்பட்டனர். வில்லியம்சன் மனநோயாளி, குடிப்பழக்கம் உடையவர், அயலாருக்குத் தொல்லை கொடுத்தவர். காவலர் அவரை எளிதில் ஐயுற்றதும், நடுவர் குழு எளிதில் நம்பியதும் இதனால்தான். விரும்பத்தக்க நாயகன் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நீதிமன்றத்திலும் இருந்திருக்கிறது. இந்நூலுக்காக, அவ்வழக்கை நடத்திய அரசு வழக்குரைஞர் உள்ளிட்டோர் கிரிஷாம் மீது அவதூறு வழக்குத் தொடுத்தனர். 2008-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.