பல் பிடுங்கிய பிறகு வலிக்குதா? மாத்திரை போடும் முன் இதைக் கவனிங்க!

பல் பிடுங்கியதும் டாக்டர் கடிக்கச் சொல்லித் தரும் காஸ் துணிக்கும் ராஜபாளையம் பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. அருகிலுள்ள சத்திரப்பட்டி, பேண்டேஜ், காஸ் துணி நெசவுக்குப் பெயர்போன ஊர். ரத்தக்கசிவை அந்தத் துணி பார்த்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தபின் வரும் வலியை நாம்தான் பார்த்துக்கணும். பலரும் தவறு செய்வது அங்கேதான்.

முதல் மாத்திரை எப்போது?

மரத்துப்போகப் போடும் ஊசியின் வேலை சில மணி நேரம்தான். "வலி வரட்டும், பார்த்துக்கலாம்" என்று காத்திருக்க வேண்டாம். மரப்பு முழுசா விலகும் முன்பே, டாக்டர் எழுதித் தந்த முதல் மாத்திரையைப் போட்டுவிட்டால் வலி கட்டுக்குள் இருக்கும். அடுத்தடுத்த மாத்திரைகள் சீட்டில் உள்ள நேரப்படிதான். வழக்கமாக 2, 3 நாட்களில் வலி தணியத் தொடங்கும்.

வெறும் வயிற்றில் போடலாமா?

கூடாது. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கக்கூடியவை. மில்லில் காலை ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் டீயோடு மாத்திரையை விழுங்குவது ஆபத்து. இட்லி, ஆறிய கஞ்சி, தயிர் சாதம் ஏதாவது சாப்பிட்ட பிறகு போடுங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மென்மையானதுதான், ஆனால் அது சாப்பாடு ஆகாது. சுகர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

ஒரே மருந்து ரெண்டு தடவையா?

பல் வலிக்குத் தரும் பல கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஏற்கெனவே இருக்கும். வலி தாங்கலைன்னு வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்துப் போட்டால் அளவு எகிறிவிடும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராம்தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. அட்டையின் பின்பக்கத்தைப் படிங்க.

யார் முன்கூட்டியே சொல்ல வேண்டும்?

பிபி, சிறுநீரகக் கோளாறு, அல்சர், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரைகளையும் பல் டாக்டரிடம் காட்டுங்க.

'பவர்' மாத்திரை தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. பல் பிடுங்கிய வலிக்கு ஐபுபுரூஃபன் வகை மருந்து, தனியாகவோ பாராசிட்டமாலுடனோ, முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். டிரமடால் போன்றவை மயக்கம், வாந்தி தருவதோடு பழக்கமாகவும் மாறலாம். அதனால்தான் டிரமடாலை 2018-ல் மத்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்காதீங்க.

மூணாம் நாள் வலி கூடினால்?

குறைய வேண்டிய வலி கூடி, காது வரை குத்தினால், குழியில் உறைந்த ரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரிவதாக இருக்கலாம். புகைப்பவர்களுக்கு இது அதிகம். இதற்கு மாத்திரையைக் கூட்டுவது தீர்வல்ல; டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும்.

காய்ச்சல், வீக்கம், வாய் திறக்க முடியாமை இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்க. விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே 108-ஐ அழையுங்க. வலி மாத்திரை வலியை மறைக்கும், கிருமியைக் கொல்லாது.