கிதார்க்காரருக்குச் சாஸ்திரம் எதற்கு?

வேலூரிலிருந்து ஆரணிக்கும் திருவண்ணாமலைக்கும் செல்லும் வழியிலுள்ள கண்ணமங்கலத்தில், தலைமுறை தலைமுறையாகத் தறியோசைக்குப் பழகிய காதுகளுக்குக் கிதாரின் ஒலியும் இப்போது அந்நியமானதாக இல்லை. ஆடி மாதத்தில் படவேடு ரேணுகாம்பாள் சந்நிதியை நாடி ஜனங்கள் திரளும் நாட்களில் சுற்றுப்புற ஊர்களில் நடக்கும் இன்னிசைக் கச்சேரிகளிலும், தேவாலயங்களின் ஞாயிறு ஆராதனைகளிலும், கல்லூரி விழாக்களிலும் அந்த வாத்தியம் தனக்கென ஓர் ஆசனத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. கைப்பேசியில் எவரோ வாசித்துக் காட்டுவதைப் பார்த்தே விரல் பழகி, நாலைந்து கார்டுகளைப் பிடிக்கத் தெரிந்துகொண்டு, சினிமாப் பாட்டுகளை ஒருவாறு வாசித்துவிடும் இளைஞர், சில மாதங்கள் சென்றதும் ஒரு கேள்வியில் வந்து நிற்பது வழக்கம்: ஸ்கேல் என்றும் தியரி என்றும் சொல்லப்படும் சங்கீத சாஸ்திரத்தைக் கற்றுத்தான் ஆக வேண்டுமா, அல்லது காது போகிற வழியே கையும் போனால் போதுமா?

போதும் என்பவர்களுக்குச் சாட்சிகள் குறைவில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்கு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. பீட்டில்ஸ் குழுவினருக்கும் தெரியாது. ஜாஸ் கிதாரின் சிகரங்களுள் ஒருவராகிய வெஸ் மான்ட்கோமரிக்கும் தெரியாது. கடைசியாகச் சொன்னவரின் கதை சற்று நின்று கேட்கத் தக்கது. அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் 1923-இல் பிறந்த அவர், பகலில் தொழிற்சாலையில் உழைத்து இரவில் விடுதிகளில் வாசித்துக் குடும்பத்தைக் காத்தவர். அக்கம்பக்கத்தாரின் உறக்கம் கெடலாகாது என்று மீட்டுகோலை வைத்துவிட்டுப் பெருவிரலால் மீட்டப் போய், அதுவே உலகம் வியந்த நாதமாயிற்று என்பார்கள். ஆனால் அவரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் சொல்லாமல் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: சார்லி கிறிஸ்டியன் என்ற முன்னோடியின் இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவருடைய மனோதர்ம வாசிப்புகளை ஸ்வரம் பிசகாமல் கையில் ஏற்றிக்கொண்ட பின்னரே அவர் மேடை ஏறினார். குருகுலவாசத்தில் நம் சிஷ்யர்கள் செய்ததும் இதுதானே! மாண்டலின் ஸ்ரீநிவாசுக்குக் கர்நாடக சங்கீதம் போதித்த ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. குரு பாடுவார், பிள்ளை அதைத் தந்தியில் தேடி எடுப்பார். அங்கே சாஸ்திரம் இல்லாமற் போகவில்லை, புத்தகத்திலிருந்து வராமல் வாய்ப்பாட்டிலிருந்து வந்தது, அவ்வளவே.

ஆகவே இந்த வழக்கில் வாதி பிரதிவாதி இருவருமே ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஐந்து கோட்டில் எழுதிய குறிப்பை வாசிப்பது ஒரு வித்தை. இந்தப் பாட்டில் ஸட்ஜமம் எங்கே, அதிலிருந்து மற்ற ஸ்வரங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று அறிவது வேறொரு ஞானம். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலித்தால் எது எதனோடு இயையும் என்பது மூன்றாவது. ஹென்ட்ரிக்ஸிடம் இல்லாதிருந்தது முதலாவதுதான். மற்ற இரண்டும் அவர் விரல்களில் பெயரில்லாமல் குடியிருந்தன.

காதும் சாஸ்திரமும் ஒரே மனிதரிடம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்ததைக் காணத் தமிழர்களாகிய நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராய்ச் சென்று வாசித்து, 1968-இல் சென்னை வந்தடைந்த இளையராஜா, கேட்டதைக் கையில் கொண்டுவரும் ஆற்றலில் அப்போதே குறைவற்றவராயிருந்தார். ஆயினும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தை முறையாகப் பயின்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்தும் கிதார்ப் பரீட்சையிலும் சிறப்பாகத் தேறி, சலீல் சௌத்ரி, ஜி. கே. வெங்கடேஷ் முதலியோரின் இசைக்குழுக்களில் கிதார்க் கலைஞராக அமர்ந்த பிறகே, 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியாக நாடறிந்தவரானார். கிராமத்து மெட்டுக்கு அடியில் வயலின்கள் ஒரு வழியும் கிதார் மற்றொரு வழியும் நடந்து, இரண்டும் ஒன்றையொன்று இடறாமல் சேரும் அந்த விந்தை, காது ஒன்றை மட்டும் நம்பி வாய்க்கக்கூடியதன்று. காது இல்லாமல் சாஸ்திரத்தால் மட்டும் வாய்க்கக்கூடியதும் அன்று.

இனி வாத்தியத்தையே சற்றுக் கவனிப்போம். வீணைக்காரர் மெட்டு என்று சொல்லும் உலோகத் தடைகள் கிதாரின் கழுத்திலும் உண்டு. ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டுகள் என்ற கணக்கில் இரண்டு வாத்தியங்களும் உறவுக்காரர்களே. கிதாரில் ஒவ்வொரு மெட்டுக்கும் தந்தியின் ஒலிக்கும் நீளம் ஏறத்தாழ 1.0595-இல் ஒரு பங்காகக் குறுகிக்கொண்டே வந்து, பன்னிரண்டாவது மெட்டில் சரியாகப் பாதியாகிறது. அங்கே மேல் ஸட்ஜமம் பேசுகிறது. மெட்டுகள் இவ்வாறு ஒரே விகிதத்தில் அமைந்திருப்பதால், ஓரிடத்தில் பழகிய விரல் அமைப்பை அப்படியே இரண்டு மெட்டு மேலே தள்ளினால் அதே ஸ்வர வரிசை வேறு சுருதியில் கிடைத்துவிடுகிறது. ஹார்மோனியக்காரருக்கு இல்லாத இந்தச் சௌகரியந்தான் கிதார்க்காரருக்கு வரமும், உண்மையைச் சொன்னால், சாபமும். விரல் உருவத்தை மனனம் செய்துகொள்கிறது. காதோ, எந்த ஸ்வரத்தில் நிற்கிறோம் என்று அறியாமலே காலங்கழிக்கிறது.

கண்ணமங்கலத்து நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. சேலையின் கரையில் ஒரு மாங்காய் விழவேண்டுமானால், அது முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்பட்டு, கட்டத்துக்குக் கட்டம் துளையிட்ட அட்டைகளாக மாறி, ஜக்கார்டுப் பெட்டியில் ஏறி, மிதி அழுந்துந்தோறும் இன்ன பாவு இழைகள் எழும்புக என்று ஆணையிட, அவற்றினூடே ஊடை ஓடுகிறது. தறியில் அமர்ந்தவர் அந்தத் தாளைக் கண்ணால் காணாமலே ஆயுள் முழுவதும் மாசற்ற சேலைகளை நெய்துவிடலாம். அவரைக் கைத்தேர்ச்சி இல்லாதவர் என்று எவரும் சொல்லத் துணியார். ஆனால் அட்டை வரிசை மாறி மாங்காயின் கழுத்து ஒடிந்துவிட்டால், எந்த அட்டை எந்த இழையைத் தூக்குகிறது என்று அறிந்தவர் உடனே திருத்திவிட்டு நாடாவை எடுப்பார். அறியாதவர் ஆள் வரும் வரையில் தறியை நிறுத்திவைக்க வேண்டியதுதான்.

கச்சேரி மேடையில் அட்டை மாறும் சந்தர்ப்பங்கள் அடிக்கடி நேர்கின்றன. தொண்டை கட்டிய பாடகி, “அண்ணா, இன்றைக்கு அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா?” என்று கேட்கும்போது உருவத்தை மனனம் செய்தவர் ஒருவாறு சமாளித்துவிடுவார். கல்யாணியில் அமைந்த பாட்டு வந்தால்தான் வெளிச்சமாகும். ஒரு கட்டைச் சுருதியில் பழக்கத்தின் வேகத்தில் அவர் கை எஃப் மேஜர் கார்டுக்குப் போகும். அதன் அடிநாதமோ சுத்த மத்தியமம். கல்யாணிக்கு உயிராயிருப்பது பிரதி மத்தியமமாகையால், பாடகி ஒன்று பாட, கிதார் மற்றொன்று சொல்ல, சபையிலுள்ளவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் முகம் சுளிக்கும். அவ்விடத்தில் டி மேஜரைப் பிடித்தால் ரிஷபம், பிரதி மத்தியமம், தைவதம் மூன்றும் கிடைத்து ராகம் பிழைத்துவிடுகிறது. இது பெரிய ரகசியம் ஒன்றுமன்று. 72 மேளங்களில் 29-ஆவதாகிய சங்கராபரணமே மேல்நாட்டாரின் மேஜர் ஸ்கேல் என்பதையும், அதில் மத்தியமத்தை மட்டும் மாற்றினால் 36 மேளம் தள்ளி 65-ஆவது கல்யாணி பிறக்கிறது என்பதையும் அறிந்தவருக்கு அரைக்கணத்து வேலை. வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் வகுத்த அந்தக் கணக்கு, மின்சாரக் கிதாரையும் விலக்கிவைப்பதில்லை.

மோடு என்ற பெயரால் கிதார் மாணவர்களை மிரட்டும் பாடமும் இத்தகையதே. ஐயோனியன், டோரியன், ஃப்ரிஜியன் என்ற கிரேக்கப் பெயர்களைக் கண்டு கலங்கும் இளைஞருக்கு, இது நம்மவர் கிரகபேதம் என்று வழங்குவதுதான் என்று எவரேனும் சொன்னால் பாதிச் சுமை இறங்கிவிடும். சங்கராபரணத்தின் ரிஷபத்தை ஸட்ஜமமாகக் கொண்டால் கரகரப்பிரியா, காந்தாரத்தைக் கொண்டால் தோடி, மத்தியமத்தைக் கொண்டால் கல்யாணி, பஞ்சமத்தைக் கொண்டால் அரிகாம்போதி, தைவதத்தைக் கொண்டால் நடபைரவி. நிஷாதத்தைக் கொண்டாலோ பஞ்சமம் தன் ஸ்தானத்தில் அமைவதில்லையாதலால் மேளமே கிடைப்பதில்லை. பாலை என்று அக்காலத்தார் வழங்கிய ஸ்வரவரிசை ஒன்றின் நரம்புகளை ஒவ்வொன்றாகக் குரலாக்கி, அதாவது ஸட்ஜமமாக்கி, புதுப் பாலைகளைப் பெறும் முறையைச் சிலப்பதிகாரம் அறிந்திருந்தது. அந்தக் காவியத்தின் இசைநுட்பங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்ற எஸ். ராமநாதன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் போதித்தபோது அவரிடம் வீணை பயில வந்தவர் யாரென்றால், அக்காலத்திலேயே கிதாரில் பெரும்புகழ் எய்திவிட்ட ஜான் மெக்லாஃப்லின். பிறகு எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் அவர் வாசித்த கிதாரில், வீணையில் இழுப்பது போலத் தந்தியை இழுப்பதற்காக மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தது.

அவர் மரத்தைக் குடைய நேர்ந்த காரணத்தில், சாஸ்திரம் வேண்டும் என்று முழங்குபவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஸ்கேல் ராகமாகாது. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. தாளில் எழுதினால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் தேவகாந்தாரி நிதானமாய் அசைந்து செல்வதும் ஆரபி துள்ளிச் செல்வதும், எந்த ஸ்வரத்தை எப்படி அசைப்பது, எங்கே நீட்டுவது என்ற பிடிகளில் இருக்கின்றன. கேட்டுக் கேட்டே வரும் அவை எந்த ஸ்கேல் புத்தகத்திலும் அகப்படமாட்டா. மெட்டு நூற்றெட்டு முறை ஏறி இறங்கிப் பழகியவருக்கு விரல் வேகம் வரும்; அந்த வேகத்தைச் சங்கீதம் என்று எண்ணி மயங்குகிறவர்களை மேடைதோறும் காண்கிறோம்.

இந்த இரண்டு கரைகளையும் தொட்டவர் ஒருவர் கண்ணமங்கலத்துக்கு அதிக தூரமில்லாத இராணிப்பேட்டையில் வளர்ந்தவர் என்பது நம் பக்கத்து இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற்கட்டுமானப் பொறியியல் படித்த கிதார் பிரசன்னா, திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை ஏ. கன்யாகுமரியிடமும் கர்நாடக சங்கீதம் பயின்று, பிறகு பாஸ்டன் நகரத்துப் பர்க்லீ இசைக் கல்லூரியில் மேல்நாட்டு இசையைக் கற்றார். கீர்த்தனைகளைக் கிதாரில் முழுக் கச்சேரியாக வாசிக்கிறவர். ஆஸ்கார் பரிசு பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ என்ற ஆவணப் படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. வயலின்காரரிடமிருந்து கிதார்க்காரர் என்ன கற்கமுடியும் என்று கேட்பவர்கள், கமகங்களைப் பற்றி மெட்டில்லாத வாத்தியந்தான் மெட்டுள்ள வாத்தியத்துக்குப் பாடம் சொல்லவேண்டும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

எஞ்சியிருப்பது எழுத்து வாசிப்பு. கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில், அன்று காலையில் கையில் கொடுத்த குறிப்பை அப்பொழுதே பார்த்து வாசிக்கத் தெரியாதவருக்கு நாற்காலி கிடைப்பது அரிதாயிருந்த காலம் உண்டு. கீபோர்டும் கணிப்பொறியும் வந்து வாத்தியக் குழுக்கள் சுருங்கிய பின் அந்த நிர்ப்பந்தம் தளர்ந்துவிட்டது. ஆகையால் பரீட்சை எழுதவோ, பெரிய குழுவில் அமரவோ, சாஸ்திரீயக் கிதார் பயிலவோ விரும்பாதவர் இதைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். இன்று எங்கும் கிடைக்கும் ‘டேப்’ என்னும் எண்முறையைப் பழிக்கவும் நான் ஒப்பேன். 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் லூட் வித்துவான்களும் அம்மாதிரிக் குறிப்பையே பயன்படுத்தினார்கள். எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்று மட்டுமே சொல்லும் அது, ஸ்வரத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர், புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி வரிசையை, மாயாமாளவகௌளையில், ஒரே தந்தியின் மேல், வாயால் பாடிக்கொண்டே வாசித்துப் பார்க்கட்டும். திறந்த தந்தி ஸட்ஜமம். அங்கிருந்து ஒன்று, மூன்று, ஒன்று என்று மெட்டு தாவினால் மத்தியமம். இரண்டு மெட்டு தள்ளிப் பஞ்சமம். மறுபடி ஒன்று, மூன்று, ஒன்று என்று போனால் மேல் ஸட்ஜமம். கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அளவாயிருப்பதால் கைக்கும் காதுக்கும் சிரமமில்லை. அது வாயிலும் விரலிலும் ஒருங்கே படிந்த பிறகு, ரிஷபத்தையும் தைவதத்தையும் ஆளுக்கு ஒரு மெட்டு உயர்த்தி வாசித்தால், கையிலிருப்பது சங்கராபரணம். கிதார்ப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் மேஜர் ஸ்கேலும் அதுவே.