முக்குளிப்பு எஃகு உருளை

முக்குளிப்பு எஃகு உருளை என்பது, நீருக்கடியில் மூச்சு விடுவதற்காக உயர் அழுத்தக் காற்றை அடைத்து முதுகில் சுமந்து செல்ல உதவும், மூட்டில்லாத எஃகுக் கலன் ஆகும். பேச்சு வழக்கில் இது சிலிண்டர் என்றும் டேங்க் என்றும் அழைக்கப்படுகிறது. இதில் நிரப்பப்படுவது தூய ஆக்சிசன் எனப் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் பொழுதுபோக்கு முக்குளிப்பில் பெரும்பாலும் நிரப்பப்படுவது, வடிகட்டி உலர்த்தப்பட்ட சாதாரணக் காற்றே ஆகும்.

இவ்வுருளை கொள்ளளவு, அழுத்தத் தரம், மேற்பூச்சு ஆகிய மூன்றையும் கொண்டு தேர்ந்தெடுக்கப்படுகிறது. இவற்றுடன், உருளை பயன்படப் போவது கடல்நீரிலா நன்னீரிலா என்பதும் கருதப்பட வேண்டும். மன்னார் வளைகுடாவில் முக்குளிப்பதற்குப் பொருத்தமான அதே சுமை, தென்காசி மாவட்டத்து அணை நீரில் ஆபத்தாக முடியக்கூடும்.

வரலாறு

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தல் நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் எடையால் விரைவாக அடியை அடைவார். பின்னர் கல்லை விட்டுவிடுவார். அது தனியே மேலே இழுக்கப்படும். மூச்சை அடக்கிச் செய்த இம்முறையில் நீருக்கடியில் தங்கும் நேரம் மிகக் குறைவு.

1943 ஆம் ஆண்டு பிரான்சில் சாக் கூசுட்டோ, எமில் கன்யான் ஆகிய இருவரும், தேவைக்கேற்பக் காற்றைத் தரும் சீராக்கியை உருவாக்கினர். இதன்பின் காற்று உருளையுடன் முக்குளித்தல் உலகெங்கும் பரவியது. 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் தூத்துக்குடிப் பகுதிக் கடலடியை இம்முறையில் ஆய்வு செய்தனர். அங்கு முத்துக்குளிப்புப் பருவம் கடைசியாக நடைபெற்றது 1961 ஆம் ஆண்டிலாகும்.

கொள்ளளவு

உருளையின் உள்ளே எத்தனை லிட்டர் நீர் பிடிக்குமோ அதுவே அதன் நீர்க் கொள்ளளவு. இதனை நிரப்பும் அழுத்தத்தால் பெருக்கினால், உள்ளிருக்கும் காற்றின் அளவு தோராயமாகக் கிடைக்கும்.

* 10 லிட்டர், 232 பார்: 2,320 லிட்டர் காற்று
* 12 லிட்டர், 232 பார்: 2,784 லிட்டர் காற்று
* 15 லிட்டர், 232 பார்: 3,480 லிட்டர் காற்று

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது. நீர்ப்பரப்பில் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைப் பயன்படுத்துபவர், 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டரும் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டரும் பயன்படுத்துவார். எடுத்துக்காட்டாக, 200 பார் அளவுக்கு நிரப்பிய 12 லிட்டர் உருளையில் 50 பார் காற்றை இருப்பாக ஒதுக்கினால், எஞ்சுவது 12 × 150 = 1,800 லிட்டர் ஆகும். இது 20 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்களுக்கும், 10 மீட்டர் ஆழத்தில் 45 நிமிடங்களுக்கும் போதும். கடின உழைப்பு, குளிர், அச்சம் ஆகியவை மூச்சை விரைவாக்கி இந்நேரத்தைக் குறைக்கும்.

அழுத்தத் தரம்

உருளையின் தோள்பகுதியில் நீர்க் கொள்ளளவு, பணி அழுத்தம், சோதனை அழுத்தம், தொடர் எண், சோதனை நாள் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். ஐரோப்பியத் தர உருளைகளில் 232 பார், 300 பார் ஆகிய பணி அழுத்தங்கள் பரவலாக உள்ளன. 232 பார் உருளை 348 பார் அழுத்தத்தில், அதாவது ஒன்றரை மடங்கில், சோதிக்கப்படுகிறது.

அழுத்தம் கூடக்கூடக் காற்றின் அளவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. 10 லிட்டர் உருளையை 300 பார் வரை நிரப்பினால், கணக்கின்படி 3,000 லிட்டர் இருக்க வேண்டும். உண்மையில் கிடைப்பது சுமார் 2,700 லிட்டரே. மேலும், யோக் வகை இணைப்பு 232 பார் வரையில்தான் ஏற்கத்தக்கது. 300 பார் உருளைக்கு டின் எனப்படும் செருமானியத் தரத் திருகு இணைப்பு தேவை. அருகிலுள்ள நிரப்பு நிலையத்தால் 200 பார் மட்டுமே தர இயலுமெனில், 300 பார் உருளையின் கூடுதல் எடையும் விலையும் வீணாகும்.

வெப்பநிலையும் கருதத்தக்கது. விரைவாக நிரப்பும்போது உருளை சூடாகிறது. 60° செல்சியசில் 232 பார் காட்டும் உருளை, 27° செல்சியசுக்கு ஆறியபின் சுமார் 209 பார் மட்டுமே காட்டும். எனவே உருளை ஆறிய பின்னரே அழுத்தத்தை அளந்து கணக்கிட வேண்டும். நிரப்பிய உருளையை வெயிலிலோ மூடிய வண்டியிலோ விட்டால் அழுத்தம் ஏறும்.

மேற்பூச்சு

எஃகின் முதன்மை எதிரி துரு. வெளிப்புறத்தில் இரண்டு வகைக் காப்புகள் பரவலாக உள்ளன.

* துத்தநாகப் பூச்சு: உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்துப் பெறப்படும் சாம்பல் நிறப் பூச்சு. கீறல் விழுந்தாலும், துத்தநாகம் முதலில் அரிக்கப்பட்டு எஃகைக் காக்கும்.
* வண்ணப் பூச்சு: அடிப்பூச்சின்மேல் எப்பாக்சி போன்ற வண்ணம் பூசப்படுகிறது. தோற்றம் நன்றாக இருக்கும். ஆனால் கீறல் வழியே உப்புநீர் புகுந்தால், வண்ணத்தின் அடியில் துரு மறைந்து பரவும்.

கடலில் அடிக்கடி பயன்படுத்துவோருக்குத் துத்தநாகப் பூச்சு ஏற்றது. எவ்வகையாயினும், பயன்படுத்திய பின் நன்னீரில் கழுவ வேண்டும். அடியில் மாட்டும் நெகிழிக் காலணியையும் மேலே போர்த்தும் வலையையும் கழற்றி உலர்த்த வேண்டும். உப்புநீர் தங்குவது அங்கேதான்.

வெளிப்புறத் துருவைவிட உட்புறத் துரு ஆபத்தானது. துருப்பிடிக்கும்போது எஃகு, காற்றிலுள்ள ஆக்சிசனைப் பிணைத்துக்கொள்கிறது. உள்ளே ஈரத்துடன் நெடுநாள் கிடந்த உருளையில் அழுத்தம் இருந்தாலும், மூச்சுக்குப் போதிய ஆக்சிசன் இல்லாமற் போகலாம். அழுத்தமானி இதனைக் காட்டாது. இதனால் உருளையை முற்றிலும் காலியாக்கி, வால்வைத் திறந்து வைக்கலாகாது.

எடையும் மிதப்பும்

வால்வுடன் சுமார் 15 கிலோகிராம் எடையுள்ள 12 லிட்டர் எஃகு உருளை, கடல்நீரில் காலியாக இருக்கும்போதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் அளவுக்கு அமிழும் தன்மையுடையது. முழுமையாக நிரப்பினால் காற்றின் எடை 3.3 கிலோகிராம் சேர, 4 கிலோகிராமுக்கு மேல் அமிழும். இதற்கு மாறாக, பரவலாகப் பயன்படும் 11.1 லிட்டர் அலுமினிய உருளை காலியாகும்போது மிதக்கத் தொடங்கும். அதனை ஈடுசெய்ய இடுப்பில் ஈயக்கட்டி கட்ட வேண்டும். எஃகு உருளை இச்சுமையைக் குறைப்பதே அதன் சிறப்பாகக் கூறப்படுகிறது.

நன்னீரில் இச்சிறப்பே குறையாகலாம். தென்காசி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. கடனாநதி, இராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் ஆகிய அணைகளில் உள்ளது நன்னீர். தூத்துக்குடிக் கடலோ சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு மிகுதி. கருவிகளுடன் 100 லிட்டர் நீரை விலக்கும் ஒருவர், கடலில் 102.5 கிலோகிராம் எடையில் சமநிலை பெறுவார். நன்னீரில் 100 கிலோகிராமே போதும். கடலுக்கான சுமையுடன் அணையில் இறங்கினால், 2.5 கிலோகிராம் கூடுதல் எடை அவரைக் கீழே இழுக்கும்.

ஈயக்கட்டியை இடரின்போது கழற்றி எறியலாம். முத்துக் குளித்தவர் கல்லை விட்டுவிட்டதும் அதுபோன்றதே. எஃகு உருளையின் எடையை அவ்வாறு எறிய முடியாது, ஏனெனில் மூச்சுக் காற்று அதிலேயே உள்ளது. வெதுவெதுப்பான நீரில் மெல்லிய உடையுடன் இறங்குபவருக்கு ஈயமே தேவைப்படாமற் போகலாம். அந்நிலையில் மிதப்புச் சட்டை கிழிந்தால், எறிவதற்கு அவரிடம் ஒன்றும் இராது.

குற்றாலம் போன்ற அருவிகளின் அடியிலுள்ள நீர் இன்னும் வேறுபட்டது. விழும் நீரில் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அதன் அடர்த்தி நன்னீரைவிடக் குறைவு. மிதப்பும் அதற்கேற்பக் குறையும். வெள்ளப்பெருக்கும் திடீரென ஏற்படும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். இத்தகைய நீரில் எந்த உருளையும் பாதுகாப்புத் தராது.

சோதனையும் சட்டமும்

இந்தியாவில் உயர் அழுத்த உருளைகள், வாயு உருளை விதிகள், 2016 என்பதன்கீழ் வருகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இதனை நடைமுறைப்படுத்துகிறது. உருளைகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். ஆண்டுக்கொருமுறை உட்புறத்தைக் கண்ணால் ஆய்வதும் முக்குளிப்போரிடையே வழக்கமாக உள்ளது.

தேர்வு செய்யும் முறை

முதலில் ஆழத்திற்கும் நேரத்திற்கும் தேவையான காற்றைக் கணக்கிட வேண்டும். அடுத்து, அருகில் கிடைக்கும் நிரப்பு அழுத்தத்திற்கு ஏற்பக் கொள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும். பின்னர் நீரின் தன்மைக்கேற்ற மேற்பூச்சைத் தெரிவு செய்யலாம். இறுதியாக, பயிற்றுநர் முன்னிலையில், ஆழம் குறைந்த நீரில் முழு உருளையுடன் சோதிக்க வேண்டும். மிதப்புச் சட்டையில் காற்று இல்லாதபோதும் நீந்தி மேலே வர இயன்றால் மட்டுமே, அவ்வுருளை அந்நபருக்கும் அந்நீருக்கும் பொருத்தமானதாகும். கடலில் சோதித்தவர் நன்னீரில் இறங்குமுன் இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.