பூனைக்குட்டிக்குச் சளிக்காய்ச்சலா? பட்டினி கிடக்க விடாதீர்கள்!

திருவண்ணாமலை மாவட்டம், ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பூனைக்கும் ஒரு வேலை உண்டு. கஞ்சி போட்ட பாவை எலி கடித்துவிட்டால், அறுந்த இழைகளைப் பிணைப்பதிலேயே பொழுது போய்விடும். பூனை இருந்தால் அந்தக் கவலை குறைவு. ஆனால், அது ஈன்ற குட்டிகள் ஒன்றரை, இரண்டு மாத வயதில் தும்மத் தொடங்கினால், 'தானாகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். குட்டிகள் இறப்பதற்கு இந்த அலட்சியமும் ஒரு காரணம்.

கண்ணில் பீளை, மூக்கில் சளி, நாக்கில் புண், காய்ச்சல் ஆகியவை இந்நோயின் அறிகுறிகள். பெரும்பாலும் ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களால் வருகிறது. தாய்ப்பால் மூலம் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறையும் வயதில் தாக்குகிறது. பூனைக்குப் பூனை வேகமாகத் தொற்றும், மனிதர்களுக்குப் பரவாது.

மணம் தெரிந்தால்தான் சாப்பிடும்!

பூனை, மோந்து பார்த்துச் சாப்பிடும் பிராணி. மூக்கு அடைத்துக்கொண்டால் பாலைக்கூடத் தொடாது. பட்டினியும் நீர் வற்றுவதும்தான் குட்டியைச் சாய்த்துவிடுகின்றன. எனவே, முள் நீக்கிய வேகவைத்த மீனை உப்பு, வெங்காயம் சேர்க்காமல் மசித்து, வெதுவெதுப்பாக அடிக்கடி கொடுக்க வேண்டும். வெந்நீரில் நனைத்து ஆறவைத்த பஞ்சால் கண், மூக்கைத் துடைக்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு. குளியலறையில் எட்டாத இடத்தில் வெந்நீர் வாளியை வைத்து, 10 நிமிடங்கள் ஆவி படும்படி குட்டியுடன் இருந்தால் சளி இளகும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், கால்நடை மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. சளித் தைலமும் தடவக் கூடாது, நக்கினால் ஆபத்து.

தேறிய பிறகும் கவனம்!

பல குட்டிகள் இரண்டு, மூன்று வாரங்களில் தேறிவிடும். ஆனால், ஹெர்பிஸ் வைரஸ் உடலிலேயே தங்கிவிடும். அந்தப் பூனை பிற்காலத்தில் குட்டி போடும்போது கிருமி மீண்டும் வெளிப்பட்டு, குட்டிகளுக்குத் தொற்றலாம். நோயுற்ற குட்டியின் தட்டு, துணியைத் தனியாக வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, நன்றாக அலச வேண்டும்.

இந்த இரண்டு வைரஸ்களோடு, குடலைத் தாக்கும் பேன்லுகோபீனியாவுக்கும் சேர்த்து ஒரே கூட்டுத் தடுப்பூசி உண்டு. 8, 12, 16 வாரங்களில் போட்டு, ஓராண்டு கழித்து ஊக்க ஊசி போட வேண்டும். நோய் இருக்கும்போது போடாமல், நன்கு தேறிய பிறகு போடலாம். தடுப்பூசி போட்டாலும் சளி எட்டிப் பார்க்கலாம். ஆனால், உயிரைக் குடிக்கும் அளவுக்குப் போவது அரிது. வெறிநோய்த் தடுப்பூசி இதில் சேராது. 12 வாரத்துக்குப் பிறகு அதைத் தனியாகப் போட வேண்டும்.