படத்துடன் செல்ல வேண்டிய குறிப்பு

பெங்களூரில் வாழும் நம்மவருள் சிலர், இல்லத் திருமணங்களை ‘ரா’ வடிவில் படமெடுத்து, ஒளியையும் நிறத்தையும் கணினியில் திருத்தி வைக்கின்றனர். அத்திருத்தம் மூலப் படத்தை மாற்றுவதில்லை. ஒரு குறிப்பாகவே சேமிக்கப்படுகிறது. அக்குறிப்பு எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்வது அவசியம்.

அடோபி நிறுவனத்தின் ‘கேமரா ரா’ மென்பொருளில் குறிப்பைக் கணினியிலுள்ள பொதுத் தரவுத்தளத்தில் சேமிக்கலாம். அல்லது படத்தின் அருகிலேயே, அதே பெயருடைய எக்ஸ்எம்பி கோப்பில் சேமிக்கலாம். 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த டிஎன்ஜி வடிவமாயின், படக்கோப்பினுள்ளேயே எழுதி வைக்கலாம். ‘லைட்ரூம் கிளாசிக்’ மென்பொருளோ, நாம் வேறு விதமாகப் பணிக்காதவரை, தன் ‘கேட்டலாக்’ என்னும் பதிவேட்டிலேயே எழுதும்.

ஆதலின், வேலை மாறி ஊர் மாறும் அன்பர்கள் படங்களை மட்டும் வன்தட்டில் நகலெடுத்துச் சென்றால், பல நாள் உழைப்பு பழைய கணினியிலேயே தங்கிவிடும். லைட்ரூமின் கேட்டலாக் அமைப்புகளில், மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாகவே எழுதும் வசதியை இயக்கி வைப்பது நலம். படத்தின் பெயரையோ இடத்தையோ மாற்றுங்கால் துணைக்கோப்பையும் உடன் மாற்றுக. திருத்த வரலாறு எக்ஸ்எம்பியில் முழுமையாக அடங்காது. எனவே கேட்டலாகையும் நகலெடுத்தல் வேண்டும். பழைய கணினியை விற்குமுன் இவ்விரண்டையும் சரிபார்த்துக் கொள்வீர்களாக.